இசைத்தட்டும் இஸ்னாதும்

இராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வடக்கே நீளும் சென்னைப் பகுதியில், சென்ற நூற்றாண்டின் 60-களிலும் 70-களிலும் ஒரு முஸ்லிம் வீட்டில் திருமணம் நடக்கிறது என்பதைத் தெருவுக்கு முதலில் அறிவித்தது ஒலிபெருக்கிக் குழாய்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், மோட்டார் ஆலையில் இரும்பு கடைந்தவரும், காசிமேட்டில் வலை இழுத்தவரும் வேலைக்குப் புறப்படும் வேளையில் அவர்கள் காதில் விழுந்தது இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல். வீட்டில் இசைப்பெட்டி வைத்திருந்தோர் சிலரே. ஊருக்கெல்லாம் பாட்டு வைத்திருந்தவர் மைக் செட் கடைக்காரர். அவருடைய தகரப் பெட்டியில் திரைப்படப் பாட்டும் முருகன் பாட்டும் மாதா பாட்டும் இஸ்லாமிய கீதமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வடசென்னையின் முதல் இசை நூலகம் எதுவென்று கேட்டால் அந்தத் தகரப் பெட்டியைத்தான் நாம் காட்டுவோம்.

அப்பெட்டிகள் பின்னர் என்னவாயின? ஒலிநாடா வந்தபின் பெட்டி பரணுக்கு ஏறிற்று. பரணை ஒழித்தபோது காயலான் கடைக்குப் போயிற்று. பழைய இரும்பும் ஓட்டை உடைசலும் வாங்கும் கடைக்குத் தமிழ்நாடு முழுவதும் இப்பெயர் நிலைத்ததற்குக் காயல்பட்டினத்து வணிகர்களே காரணம் என்பர். அப்படியாயின், முஸ்லிம்களின் பாட்டு முஸ்லிம்களின் பெயர் தாங்கிய கடையிலேயே எடைக்கு விற்கப்பட்டது என்னும் வேடிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. தப்பியவை சில சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் இருந்த மூர் மார்க்கெட்டுக்கு வந்தன. பழம் புத்தகத்துக்கும் பழந்தட்டுக்கும் புகலிடமாயிருந்த அந்த அங்காடி 1985 மே 30 அன்று தீக்கிரையானது. அத்தீயில் வெந்த காகிதத்துக்காக வருந்தி எழுதியோர் பலர். தட்டுக்காக வருந்தியோர் அரியர். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது என்பதையும் அது எவ்வளவு எளிதில் உருகும் என்பதையும் அறிந்தவர்க்கே அந்த இழப்பின் அளவு விளங்கும்.

இசைத்தட்டுச் சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் அவர்கள் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததையும், 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியதையும் கேள்விப்பட்டால் 'அவர்களுக்கு நேரம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். ஆனால் சேர்ப்பவர் எதைச் சேர்க்கிறார் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கவே செய்யும். நாடகப் பாட்டும் கருநாடக இசையும் திரைப்பாட்டும் தேடிப் பிடிக்கப்படுகின்றன. இஸ்லாமிய கீதத் தட்டு அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வருகிறது. அதைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாம்தாம்.

இனி மறுவெளியீடுகளைப் பார்ப்போம். அரக்குத் தட்டில் முதலில் வந்த பாட்டு, பிறகு 45 சுற்றுச் சிறு தட்டிலும் 33 சுற்று நெடுந்தட்டிலும் வந்து, 80-களில் ஒலிநாடாவாகி, அதன்பின் குறுந்தகடாகி, இன்று கைபேசிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. ஒரே பாட்டுக்கு ஐந்து பிறவி. ஒவ்வொரு பிறவியிலும் அது ஏதேனும் ஒன்றை இழந்தே வந்திருக்கிறது என்பதுதான் நம் குறை. நம் கைக்கு வந்த ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உறையில் பச்சை நிறம், பிறை, மினாரா, பாடகரின் படம். பாட்டெழுதியவர் யார் என்று பார்த்தால் இல்லை. இசை அமைத்தவர் இல்லை. முதலில் பதிவான ஆண்டோ இல்லவே இல்லை. கைபேசியில் தேடினால் பாட்டை அங்கே ஏற்றி வைத்தவரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கிறது! பழைய தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில், பல வேளைகளில், இயற்றியவர் பெயரும் இருந்தது. அறிவியல் வளர வளர அறிவிப்பு தேய்ந்திருக்கிறது.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாட்டைத் தெரியாத தமிழர் உண்டா? கோயில் திருவிழாவிலும் மாதா கோயில் விழாவிலும் அதை ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். அதை எழுதியவர் அப்துல் ஸலாம் என்னும் கவிஞர் என்று சொன்னால், 'அப்படியா, ஹனீபாவே எழுதியதென்றல்லவா நினைத்தேன்' என்பவரே மிகுதி. நாகூர்ப் புலவர் ஆபிதீன் அவர்களுக்கும் இதே கதிதான். அவர் எழுதிய பாட்டுகளை வாய் முணுமுணுக்கிறது. அவர் பெயர் நாகூரைத் தாண்டுவதற்கே திணறுகிறது. இதற்கு எதிர்ப்புறத்தில் ஒன்றை வைத்துப் பாருங்கள். 1955-இல் வந்த 'குலேபகாவலி'யிலும் 1961-இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்திலும் ஹனீபா அவர்கள் பாடியிருக்கிறார். 'பாவமன்னிப்பு' பாட்டுக்கு வரி கண்ணதாசன், இசை விசுவநாதன் - ராமமூர்த்தி, உடன் பாடியவர் டி.எம். சௌந்தரராசன் என்று திரைப்பாட்டு ஆர்வலர் எவரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதே தொண்டை, அதே காலம். திரைப்படத் தட்டு பெயர்களோடு வாழ்கிறது. தீன் பாடல் தட்டு அநாதையாய் அலைகிறது. இதைத் திரைப்படத்தின் கவர்ச்சி என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. திரைப்பாட்டு ஆர்வலர்கள் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள், நாம் எழுதவில்லை.

வெளிநாட்டார் இந்தக் காரியத்தை எப்படிச் செய்தனர் என்று அறிவது நமக்குப் பயன் தரும். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. ஆனால் ஜாஸ் என்ற பெயரோடு 1917-இல் வெளிவந்த முதல் தட்டை வாசித்துப் பதித்தவர்கள் வெள்ளையர் குழுவொன்றினர். தொடக்கத்திலேயே உரியவர் பெயர் ஒரு பக்கமும் ஊதியமும் புகழும் மறு பக்கமும் போயின. பிந்திய தட்டுகளிலும் குழுத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். உடன் வாசித்தோர் யாரெனத் தெரியாது. சேகரிப்பாளர்கள் விடவில்லை. வாசித்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். தட்டின் உள் விளிம்பில் பொறித்த எண்ணைப் படித்து, எந்த நாளில் எது பதிவானது என்று கணக்கிட்டார்கள். 1936-இல் பாரிஸில் சார்ல் தெலோனே என்பவர் இவற்றையெல்லாம் திரட்டி ஒரு பட்டியல் நூலே வெளியிட்டார். நியூயார்க்கில் கொமடோர் என்னும் கடையை நடத்திய மில்ட் கேப்லர், கிடைக்காமற்போன பழந்தட்டுகளை 1930-களில் மறுபடி அச்சிட்டு விற்றபோது, வாசித்தோர் அனைவர் பெயரையும் தட்டின் மீதே அச்சிட்டார். மறுவெளியீடு என்னும் முயற்சி பிறந்தபோதே பெயர்ப் பட்டியலோடு பிறந்தது என்பதை நம் வெளியீட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

இதன் பயன் என்ன என்பதற்கு ஒரு சான்று. 1947 நவம்பர் 21 அன்று நியூயார்க்கில் தெலோனியஸ் மங்க் என்னும் பியானோக் கலைஞர் ஒரு தட்டுக்கு வாசித்தார். உடன் டிரம்பெட் ஊதியவர் ஜார்ஜ் டைட். சாக்சபோன் ஊதியவர் சாஹிப் ஷிஹாப். பெருந்தந்தி மீட்டியவர் பாப் பெய்ஜ். முரசு அடித்தவர் ஆர்ட் பிளேக்கி. இந்த ஐவர் பெயரும் அத்தட்டின் ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் தவறாமல் வருகின்றன. எட்மண்ட் கிரெகரி என்ற பெயரோடு பிறந்த சாஹிப் ஷிஹாப் இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டவர். பிளேக்கியும் தழுவி அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்று பெயர் சூட்டிக்கொண்டவர், எனினும் தட்டில் பழைய பெயரையே வைத்திருந்தார். அஹ்மத் ஜமால், யூசுப் லத்தீப், தென்னாப்பிரிக்காவின் அப்துல்லாஹ் இப்ராஹீம் என்று இவ்வரிசை நீளும். யார் எந்த ஆண்டில் எந்தப் பெயரில் வாசித்தார் என்பதைக்கூட அந்த நாட்டுச் சேகரிப்பாளர் பிசகாமல் எழுதி வைத்திருக்கின்றனர். ஷிஹாப் பிறந்ததும் 1925, நம் ஹனீபா பிறந்ததும் 1925. அமெரிக்காவில் அன்று ஓர் அறையில் சாக்சபோன் ஊதிய முஸ்லிமின் பெயரைத் திருவொற்றியூரிலிருந்து நாம் அறிகிறோம். ஹனீபா அவர்களுக்குத் தபேலா வாசித்தவர், ஆர்மோனியம் பிடித்தவர், பின்பாட்டுப் பாடியவர் யார்யார் என்பதை எந்த ஒலிநாடாவும் நமக்குச் சொல்லவில்லை.

இதில் நாம் வெட்கப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமொழி ஒன்றை ஏற்குமுன் 'இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்' என்று தொடர் கேட்ட சமுதாயம் இது. அத்தொடரை இஸ்னாது என்றோம். அறிவிப்பாளரின் ஊரும் காலமும் நேர்மையும் நினைவாற்றலும் ஆராய்வதற்கென்றே ஒரு கலையை வளர்த்தோம். பாட்டை ஹதீஸுக்கு இணை வைக்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மலையும் மணலும் ஒன்றாகா. ஆயினும் 'யாரிடமிருந்து வந்தது' என்று கேட்கும் பழக்கம் ஒரு சமுதாயத்தின் இரத்தத்தில் இருந்தால் அது எல்லாத் துறையிலும் வெளிப்பட வேண்டாமா? தமிழிலும் நமக்கு இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரை இடையிடையே நினைந்து பாடினார். சோறிட்டவர் பெயரே காப்பியத்தில் நிலைத்தது. இங்கோ பாட்டே இட்டவர் பெயர் உறையிலும் இல்லை.

ஏட்டுக்கும் நூலுக்கும் நாம் ஓரளவு நீதி செய்திருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு பலரைத் தட்டி எழுப்பிற்று. ம.மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் சேர்ந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக வெளிவந்தது. மசலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து, படைப்போர் என்று ஒவ்வொரு வகைக்கும் ஆசிரியர் பெயரும் காலமும் தேடி எழுதப்பட்டன. அந்த உழைப்புக்கு ஈடான ஒரு பட்டியலை இஸ்லாமிய கீதத் தட்டுகளுக்கு நாம் கண்டதில்லை. எழுத்தில் இருந்தால் இலக்கியம், தட்டில் இருந்தால் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் புலவர் பெருமக்களிடம் இருந்தது போலும்.

இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இராயபுரத்தை விட்டு அகலவே வேண்டியதில்லை. தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் என்னும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் வாழ்ந்து 1838-இல் மறைந்து அடங்கியது இப்பகுதியில்தான். தொண்டியார் இருந்ததால் தண்டையார்ப்பேட்டை என்று பெயர் வந்ததாக ஒரு வழக்கும் உண்டு. இந்து மாணாக்கரும் சூழ இருந்து பாடிய அவருடைய கண்ணிகள் அச்சேறுமுன் வாயில் வாழ்ந்தவை. பக்கீர்களின் தாயிராவோடு தெருவில் நடந்தவை. அவை மீண்டும் ஒலியாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பது இலக்கியத் திறனாய்வுக்குரிய கேள்வியே. பராபரக்கண்ணி நூறு கண்ணிகள் கொண்டது. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு கண்ணியை மடக்கிப் பாடக் கால் நிமிடம் கொண்டாலும் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் அடங்கா. எந்தப் பத்தை எடுப்பது? கடவுளை நோக்கிக் கதறும் கண்ணிகளை எடுத்தால் அவர் பக்தர். யோக ஞானக் கண்ணிகளை எடுத்தால் அவர் சித்தர். பாடகர் பத்துக் கண்ணியைத் தேர்ந்த அந்த நொடியிலேயே மஸ்தான் சாகிபுக்கு ஓர் உரை எழுதிவிடுகிறார். பல தட்டுகளை ஒன்றாக வைத்துக் கேட்பவருக்குத்தான் இந்த உரைகளின் வேறுபாடு புலப்படும். தட்டுச் சேர்ப்பவர் வேலை பதிப்பாசிரியர் வேலைக்கு இவ்வளவு நெருங்கியது.

ஹனீபா அவர்களின் குரல் பற்றி நம் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். கமகத்தைக் காட்டும் குரலன்று அது. மேல் சுருதியில் நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் கடைசி மெய்யெழுத்து வரை விட்டெறியும் குரல். பழைய ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு இத்தகைய திறந்த குரல் மிகவும் உகந்தது. அரக்குத் தட்டின் கரகரப்பையும் தாண்டி அது வெளியே வரும். இளமைப் பதிவுகளில் உள்ள அந்த வேகமும் கூர்மையும் அவர் முதுமையில் பாடிய பதிவுகளில் இல்லை. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவற்றுக்கு வேறொரு கனிவு உண்டு. ஆனால் முதியவர் பாடிய புதுப் பதிவை இளைஞர் பாடிய பழம் பதிவென்று கொடுப்பதை எப்படி ஏற்பது? மின்னிசைப் பலகையும் எதிரொலியும் சேர்த்துப் பாடிய பதிவுக்குப் 'பழைய பாடல்கள்' என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். உறையில் ஆண்டு இருந்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஆண்டு இல்லாதபோது செவிதான் சாட்சி. பாட்டு நான்கு ஐந்து நிமிடம் நீண்டால் அது அரக்குத் தட்டில் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்க முடியாது. இசைக் கருவிகள் இடம் வலமாகப் பிரிந்து ஒலித்தால் அது பிற்காலத்தது. சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தால் பாடியவருக்கு வயது ஏறியிருக்கலாம். அல்லது தட்டைப் படியெடுத்தவர் வேகத்தைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம். வேகம் கூடிப் படியெடுத்த ஒன்றில் அந்தச் சிங்கக் குரல் பூனைக்குட்டி போல் மெலிந்து கிடந்ததைக் கேட்டு நாம் நொந்ததுண்டு. ஓர் ஆர்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக் கட்டையைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதுமே.

இசைக் கருவி கூடுமா கூடாதா என்று மார்க்க அறிஞரிடையே உள்ள வாதத்துள் நாம் இங்கே புகவில்லை. தப்ஸ் மட்டும் போதும் என்போர் வீட்டிலும் பாட்டு உண்டு, அதை எழுதியவரும் உண்டு. அவர் உரிமையை மதிப்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இருக்க நியாயமில்லை.

இப்போது இதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், காலம் ஒரு வாயிலைத் திறந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரையே நிற்கும். 1964 வரை வெளிவந்த தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2024-உடன் முடிந்துவிட்டது. 50-களின் தட்டுகளை ஒலிப்பதிவு உரிமையாளரிடம் கேட்காமலே இன்று எவரும் மறுபடி வெளியிடலாம். பாட்டெழுதியவரின் உரிமையோ அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு தொடரும். அதோடு, படைப்பைத் தமதென்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு அவருக்குத் தனியே கொடுத்திருக்கிறது. ஆகவே எழுதியவர் பெயரைத் தேடாமல் வெளியிடுபவர் பண்பில் மட்டும் தவறவில்லை, சட்டத்திலும் தவறுகிறார். ஹனீபா அவர்கள் பிறந்து நூறாண்டு நிறைந்தது 2025 டிசம்பர் 25. நூற்றாண்டு என்றாலே மலர், மேடை, பொன்னாடை என்று நம் கை பழகிவிட்டது. அவர் பாடிய தட்டுகளைக் காலவரிசையில் அடுக்கி, எழுதியவர், இசை அமைத்தவர், தட்டின் எண் ஆகியவற்றோடு ஒரே ஒரு தொகுப்பு வந்தால் பத்துப் பொன்னாடைக்கு அது சமம்.

அதற்குச் சான்றுகள் அழிந்துபோகவில்லை. அக்காலத்தில் தட்டுகளோடு விற்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களில் ஆசிரியர் பெயர் அச்சாகியிருக்கும். 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய சிறு நூல்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. மீதி, வீடுகளில் இருக்கிறது. கடலோரத்து வீடுகளில் இருப்பதுதான் கவலை. இராயபுரத்து உப்புக் காற்றும் ஈரமும் வட்டக் காகிதத்தில் பூஞ்சையைப் பிடிக்கச் செய்யும். எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல் 1970 முதல் அது மூடப்பட்ட 2017 வரை அவ்வட்டாரத்துப் பரண்களில் படிந்த கதையைச் சொல்லவே வேண்டாம். தட்டைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள எதனாலும் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். குளிர்ந்த நீர் தொட்ட மென்துணி போதும். அப்போதும் நடுவிலுள்ள காகிதத்தில் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இயற்றியவர் பெயர் இருப்பது அங்கேதான்.